வணிக வழக்கறிஞரின் வளர்நிலைகள்: சென்னை உயர் நீதிமன்றத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

வழக்கறிஞர் தொழிலைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி குற்றவியல் வழக்குகளைச் சுற்றியே வருகிறது. கொலை வழக்கில் சாட்சியை மடக்கியவரும் அரசியல் வழக்கில் ஆட்சியை எதிர்த்து நின்றவரும் நம் நினைவில் தங்கினர். வங்கி உத்தரவாதம், விலைப்பட்டியல், கட்டுமான ஒப்பந்தம் ஆகியவற்றையே வைத்து வாழ்நாள் முழுதும் வாதாடுபவரின் வாழ்வில் கதைக்கு உதவுவது குறைவு. ஆய்வுக்கு உதவுவது மிகுதி. அவ்வாழ்வை வகைப்படுத்தி, அது உருவான காரணங்களைக் கண்டு, அதன் நிலைகளை வரிசைப்படுத்துவது இக்கட்டுரையின் நோக்கம்.

களமாகச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூல வழக்காட்சிப் பிரிவையும் (வளாகத்தில் எல்லோரும் ‘ஒரிஜினல் சைடு’ என்பது இதைத்தான்), சென்னையில் அமரும் நடுவர் தீர்ப்பாயங்களையும் எடுத்துக்கொள்கிறோம். நிறுவனங்களில் சம்பளம் பெறும் சட்ட அலுவலர்கள் இவ்வாய்வில் அடங்கார். முழுநேரச் சம்பளப் பணியில் சேர்பவர் வழக்காடுவதை நிறுத்திவைக்க வேண்டும் என்ற இந்திய வழக்கறிஞர் குழுமத்தின் விதியே அவர்களைப் பிரித்துவிட்டது.

நாம் நிறுவ விரும்புவது ஒன்றே. வணிக வழக்கறிஞரின் வளர்ச்சியை நாவன்மையாலோ கட்டணத்தாலோ அங்கியின் தரத்தாலோ அளந்தால் அளவு பிழைபடும். அவர் ஒரு செயலைச் செய்யும் நாளுக்கும், அதில் குறை இருப்பின் அக்குறை வெளிப்படும் நாளுக்கும் இடையே கிடக்கும் காலமே அவருடைய வளர்ச்சியின் அளவுகோல். இதனைப் ‘பொறுப்புத் தொலைவு’ என அழைப்போம்.

2. வரையறைகள்

முதலாவது, வணிகப் பிணக்கு. 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டம் இதற்கு 22 உட்பிரிவுகளில் பொருள் தருகிறது. வணிகர், வங்கியர், நிதியளிப்போர் ஆகியோரின் வழக்கமான நடவடிக்கைகள், கட்டுமானம், விநியோகம், கூட்டாண்மை, பங்குதாரர் உடன்பாடு, காப்பீடு, அறிவுசார் சொத்துரிமை எனப் பட்டியல் நீள்கிறது. வணிகத்துக்கு மட்டுமே பயன்படுத்தப்படும் அசையாச் சொத்து குறித்த உடன்பாடும் அதில் உண்டு. அச்சொத்து உண்மையிலேயே பயன்பாட்டில் இருக்க வேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் பொருள் கொண்டது. ஆகவே, நாளை தொழிற்சாலை எழப்போகும் வெற்று மனையைப் பற்றிய வழக்கு சாதாரண உரிமையியல் வழக்காகவே நிற்கும். பிணக்கின் பணமதிப்பும் ஒரு வரம்பு. முதலில் ஒரு கோடி ரூபாயாக இருந்த இவ்வரம்பு 2018இல் 3 லட்சமாகக் குறைக்கப்பட்டது. சென்னையில் ஒரு கோடிக்கு மேற்பட்டவை உயர் நீதிமன்றத்தின் வணிகப் பிரிவுக்குச் செல்கின்றன.

இரண்டாவது, நடுவர் தீர்வு. தரப்பினர் தம் பிணக்கைத் தாம் ஒப்பிய ஒருவரிடமோ மூவரிடமோ ஒப்படைத்து, அவர்கள் தரும் முடிவு தம்மைக் கட்டுப்படுத்தும் என எழுத்தில் இசைவதே நடுவர் தீர்வு. அம்முடிவு நடுவர் தீர்ப்பு எனப்படும். நீதிமன்றத் தீர்ப்பாணையைப் போலவே அதை நிறைவேற்றலாம். சமரசம் இதனின் வேறானது. சமரசர் முடிவு சொல்வதில்லை. தரப்பினர் தாமே முடிவுக்கு வர உதவுகிறார். இவ்விரண்டையும் மக்கள் ‘மத்தியஸ்தம்’ என்ற ஒரே பெயரால் சுட்டுவதால், கட்சிக்காரரிடம் முதல் சந்திப்பிலேயே வேறுபாட்டை விளக்கிவிடுவது நல்லது.

மூன்றாவது, ஆட்சியிருக்கையும் அமர்விடமும். எந்த ஊர் நீதிமன்றம் நடுவர் தீர்ப்பாயத்தின் மீது மேற்பார்வை அதிகாரம் கொள்கிறதோ அவ்வூர் ஆட்சியிருக்கை. வசதி கருதிக் கூட்டம் நடக்கும் ஊர் அமர்விடம். ஆட்சியிருக்கை சென்னையாக இருக்க, சாட்சி விசாரணை தில்லி ஓட்டல் ஒன்றில் நடக்கலாம். தீர்ப்பை எதிர்த்து மனுப்போட வேண்டிய இடம் அப்போதும் சென்னைதான்.

3. தொழில் உருவான காரணங்கள்

உயர் நீதிமன்றங்கள் பொதுவாக மேல்முறையீட்டு மன்றங்கள். சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்றுக்கும் 1862இல் உரிமைச் சாசனம் வழங்கப்பட்டபோது, நகர எல்லைக்குள் எழும் வழக்குகளை முதல்நிலையிலேயே விசாரிக்கும் அதிகாரமும் சேர்ந்து வந்தது. துறைமுகமும் வங்கிகளும் வணிக இல்லங்களும் இருந்த நகரத்தின் பெரிய பணவழக்குகள் இவ்வாறு நேரே உயர் நீதிமன்றத்தின் வாசலுக்கு வந்தன. மாவட்டங்களில் உரிமையியல் வழக்கறிஞர் நிலத்தையும் பாகப்பிரிவினையையும் சுற்றி வளர்ந்தார். ஒரிஜினல் சைடு வழக்கறிஞரோ சரக்குப் பட்டியலையும் மாற்றுச்சீட்டான உண்டியலையும் சுற்றி வளர்ந்தார். தம்புச் செட்டித் தெருவும் லிங்கிச் செட்டித் தெருவும் அரண்மனைக்காரன் தெருவும் இன்றளவும் வழக்கறிஞர் அலுவலகங்களால் நிறைந்திருப்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

1906 அக்டோபரில் அர்பத்நாட் வங்கி நிறுவனம் சரிந்தது சென்னையின் பெரும் வணிக நெருக்கடி. பணம் போட்டிருந்தோர் ஆயிரக்கணக்கில் கைவிடப்பட்டனர். கடன் கொடுத்தோர் சார்பில் முன்னின்ற வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர், அதோடு நில்லாமல் இந்தியர் கையில் ஒரு வங்கி வேண்டும் என்று இயங்கினார். 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது. வணிக வழக்கறிஞர் வழக்கு முடிந்தபின் எழும் தேவையையும் பார்ப்பவர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று சென்னையின் வரலாற்றில் இல்லை என்பது நம் கருத்து.

நடுவர் தீர்வுக்கான தனிச்சட்டமும் முதலில் சென்னை, பம்பாய், கல்கத்தா மாநகரங்களுக்கே வந்தது: 1899ஆம் ஆண்டுச் சட்டம். அதன்பின் வந்த 1940ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு கட்டத்திலும் நீதிமன்றம் தலையிட்டதால், வழக்கைத் தவிர்க்கப் பிறந்த முறையே வழக்குகளின் தாயாயிற்று. ஐக்கிய நாடுகளின் 1985ஆம் ஆண்டு மாதிரிச் சட்டத்தைத் தழுவிய 1996ஆம் ஆண்டுச் சட்டம் அதை மாற்ற வந்தது. 2015, 2019, 2021 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. நடுவர் தீர்வு தனித் துறையாக நிலைபெற்றதற்கு இச்சட்டமே உடனடிக் காரணம். நெடுஞ்சாலை, மின்நிலையம், மெட்ரோ ரயில் என அரசுத் துறை ஒப்பந்தங்கள் பெருகியது பின்னணிக் காரணம்.

4. பிணக்குகளின் வகை

சட்டம் தரும் 22 உட்பிரிவுகள் வழக்கறிஞரின் பயிற்சியை விளக்கப் போதா. பிணக்கு எதைக்கொண்டு மெய்ப்பிக்கப்படுகிறது என்ற அடிப்படையில் நாம் அதை நான்காகப் பகுப்போம்.

கணக்கால் நிற்பவை முதல் வகை. சரக்கு அனுப்பியவருக்குப் பணம் வரவில்லை. விலைப்பட்டியலும் கணக்குப் பேரேடும் இருக்கின்றன. வட்டி மட்டுமே விவாதம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் இவ்வகையில் சிறுதொழிலுக்குப் பெருந்துணை. தாமதமான தொகைக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வீதத்தின் மும்மடங்கு, மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும். பிணக்கை வசதிப்படுத்தும் மன்றத்திடம் கொண்டுசெல்லலாம். அங்கே கிடைத்த தீர்ப்பைச் சரக்கு வாங்கியவர் எதிர்க்க விரும்பினால் தொகையில் 75 விழுக்காட்டை முதலில் கட்ட வேண்டும். திருப்பூரின் நூல் உற்பத்தியாளருக்கும் கோவையின் பம்ப் உதிரிபாகம் செய்பவருக்கும் இச்சட்டம் தெரிந்திருக்கிறது. அவர்களுடைய வழக்கறிஞர்கள் சிலருக்குத்தான் தெரிந்திருப்பதில்லை.

காலத்தால் நிற்பவை இரண்டாம் வகை. கட்டுமானப் பிணக்கு அனைத்தும் இதில் அடங்கும். பாலம் கட்டப்பட்டது, பணமும் பெரும்பாலும் கொடுக்கப்பட்டது, 24 மாதத்தில் முடிய வேண்டியது 41 மாதம் இழுத்தது யாரால் என்பதே கேள்வி. நிலம் ஒப்படைக்காத துறையால் என்றால் ஒப்பந்தக்காரருக்குக் கால நீட்டிப்பும் இழப்பீடும் உண்டு; ஒப்பந்தக்காரரால் என்றால் அவருடைய பில்லில் தாமத இழப்பீடு பிடிக்கப்படும். பதினேழு மாதத் தாமதத்தை நாள் நாளாகப் பிரித்து, எந்த நாள் யார் கணக்கில் என்று எழுதும் வேலை இது. இரு தரப்பும் ஒரே மாதத்தில் பிழை செய்திருந்தால் அதைப் பங்கிடுவதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது.

உறவால் நிற்பவை மூன்றாம் வகை. கூட்டாண்மையும் குடும்ப நிறுவனமும் உடையும்போது எழுபவை. ஆவணம் குறைவாகவும் குற்றச்சாட்டு அதிகமாகவும் இருக்கும். ஒரு தரப்பு மோசடி என்று சொன்னவுடன் நடுவர் தீர்வுக்குக் கதவு அடைபடுமா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் 2016இல் தெளிவாக்கியது. அந்த வழக்கு திருநெல்வேலியின் ஓட்டல் ஒன்றை நடத்திய குடும்பக் கூட்டாண்மையில் தொடங்கியது. வெறும் மோசடிக் குற்றச்சாட்டு போதாது. உடன்பாட்டையே துளைக்கும் அளவுக்குக் கடுமையான மோசடியாக இருந்தாலன்றி நடுவரே விசாரிக்கலாம் என்பது முடிவு.

எல்லை கடந்தவை நான்காம் வகை. ஒரு தரப்பு வெளிநாட்டினராக இருக்கும் பிணக்குகள் இவை. இங்கு வெளிநாட்டு வழக்கறிஞர் வரலாமா என்பதும் சென்னையில் எழுந்த கேள்வியே. ஏ.கே. பாலாஜி என்ற வழக்கறிஞர் தொடுத்த வழக்கில் 2012இல் சென்னை உயர் நீதிமன்றமும் 2018இல் உச்ச நீதிமன்றமும் விடை கூறின. வந்து ஆலோசனை சொல்லிவிட்டுத் திரும்புவது எப்போதோ ஒருமுறை எனில் குற்றமில்லை. இங்கே தொழில் நடத்துவது கூடாது என்பது அத்தீர்ப்புகளின் நிலை. பன்னாட்டு நடுவர் விசாரணையில் தோன்ற முழுத்தடை இல்லை, முழு உரிமையும் இல்லை என்றும் அவை கூறின. இவ்வகையில் சென்னை வழக்கறிஞர்களின் பங்கு இன்னும் சிறிது என்பதால் மேலும் விரிக்கவில்லை.

5. இரு மன்றங்கள்: திருத்தும் வாய்ப்பின் அளவு

நீதிமன்றத்துக்கும் நடுவர் தீர்ப்பாயத்துக்கும் உள்ள வேறுபாட்டை நூல்கள் வேகம், இரகசியம், செலவு எனப் பட்டியலிடும். வழக்கறிஞரின் வளர்ச்சியை ஆராயும் நமக்கு இன்னொரு வேறுபாடே முதன்மை: செய்த பிழையைத் திருத்தும் வாய்ப்பு.

சாதாரண உரிமையியல் வழக்கில் பிழைக்கு மருந்துகள் பல. வழக்குரையைத் திருத்தலாம்; தாமதத்தை மன்னிக்கக் கோரலாம்; தரப்பு வராததால் ‘எக்ஸ்பார்ட்டி’ ஆனதை ரத்து செய்ய மனுப்போடலாம்; முதல் மேல்முறையீட்டில் உண்மையையும் சட்டத்தையும் மறுபடி பேசலாம். வணிக நீதிமன்றச் சட்டம் இம்மருந்துகளைக் குறைத்தது. பிரதிவாதி அழைப்பாணை பெற்ற 30 நாளில் எதிர்வழக்குரை தர வேண்டும். காரணம் காட்டி, செலவுத்தொகை கட்டி, 120ஆம் நாள்வரை நீட்டலாம். 121ஆம் நாள் உரிமை போய்விடும். அவசர இடைக்கால நிவாரணம் கோராத வாதி முதலில் சமரச மையத்துக்குச் செல்ல வேண்டும். இது கட்டாயமே என 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியபின், அதைத் தாண்டித் தாக்கலாகும் வழக்குரை நிராகரிக்கப்படும்.

நடுவர் தீர்வில் மருந்து இன்னும் குறைவு. நடுவர் தீர்ப்பை எதிர்க்கும் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு மனுவில் உண்மைகளை மறுபடி எடைபோட முடியாது. சாட்சியத்தை நடுவர் வேறு வகையாகப் பார்த்திருக்கலாம் என்பது காரணம் ஆகாது. தீர்ப்பை நீதிமன்றம் திருத்தி எழுதலாமா என்ற வினாவும் தமிழ்நாட்டிலிருந்தே இருமுறை உச்ச நீதிமன்றம் சென்றது. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் நிலமெடுப்பு வழக்கில் 2021இல் ‘முடியாது’ என்றது. சென்னையில் ஒரு பணி ஒப்பந்தப் பிணக்கில் எழுந்த வழக்கில், 2025 ஏப்ரல் 30 அன்று ஐவர் கொண்ட அரசியல் சாசன அமர்வு நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், குறுகிய சில சூழல்களில் முடியும் என்றது.

காலவரையறையின் கடுமையை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். தீர்ப்பின் கையொப்பமிட்ட படி கைக்கு வந்ததிலிருந்து மூன்று மாதம். தக்க காரணம் இருந்தால் மேலும் 30 நாள். ‘அதன்பின் இல்லை’ என்று சட்டமே சொல்கிறது. படி பிப்ரவரி 10இல் கிடைத்தது எனக் கொள்வோம். மூன்று மாதம் மே 10இல் முடிகிறது. அப்போது கோடை விடுமுறை. ஜூனில் நீதிமன்றம் திறக்கும் நாளில் தாக்கல் செய்தால் போதும். படி ஜனவரி 25இல் கிடைத்திருந்தால் மூன்று மாதம் ஏப்ரல் 25இல், நீதிமன்றம் நடக்கும்போதே முடிந்துவிடுகிறது. கூடுதல் 30 நாள் மே 25இல், விடுமுறைக்குள் முடிகிறது. இம்முறை ஜூனில் திறக்கும் நாள்வரை காத்திருந்தவருக்கு மனுவே இல்லை. விடுமுறைச் சலுகை முதல் மூன்று மாதத்துக்கு உண்டு, பின்வரும் 30 நாளுக்கு இல்லை என உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் உறுதிசெய்துள்ளது. பல கோடி ரூபாய்த் தீர்ப்பு ஒன்றின் விதி, அஞ்சல் உறையின் மேல் அலுவலக உதவியாளர் இடும் தேதி முத்திரையில் இருக்கிறது.

6. வளர்நிலைகள்

முதல் நிலையைப் பட்டியல் நிலை எனலாம். சட்டப் படிப்பும் வழக்கறிஞர் குழுமப் பதிவும் அகில இந்தியத் தகுதித் தேர்வும் முடித்து ஒரு சீனியரின் அலுவலகத்தில் சேர்ந்தவர் இந்நிலையில் இருக்கிறார். முந்தைய மாலை மறுநாளின் வழக்குப் பட்டியலான ‘காஸ் லிஸ்ட்’ இணையத்தில் வந்ததும் அலுவலக வழக்குகளைக் குறித்து, எந்த ஹாலில் எத்தனையாவது எண் என்று எழுதி, கட்டுகளை அடுக்குவது அவர் வேலை. காலையில் சீனியர் வேறு ஹாலில் இருந்தால் வழக்கைச் சற்றுப் பின்னர் எடுக்குமாறு ‘பாஸ் ஓவர்’ கேட்பது. தாக்கல் செய்த மனுவைப் பதிவகம் குறை சொல்லி ‘ரிட்டர்ன்’ செய்தால் சரிசெய்து மறுபடி தருவது. இங்கு செய்யும் பிழை அதே வாரத்தில் தெரிந்துவிடும். முத்திரைக் கட்டணம் குறைந்தால் பதிவகம் சொல்லும். வாய்தா தவறினால் சீனியர் சொல்வார். பொறுப்புத் தொலைவு சில நாள்களே. இந்நிலையினருக்குச் சென்னை, மதுரை, கோவை நகரங்களில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை தரப்பட வேண்டும் என்பது 2024ஆம் ஆண்டின் உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து வந்த ஏற்பாடு. எத்தனை அலுவலகங்கள் அதைத் தருகின்றன என்று ஜூனியர்களைக் கேட்டால் அவர்கள் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போகிறார்கள்.

இரண்டாவது, ஆவண நிலை. இதுவே தொழிலின் நடுத்தண்டு என்பது நம் துணிபு. ஆதலின் இதில் சற்றுத் தங்குவோம். சாலை ஒப்பந்தப் பிணக்கு ஒன்று வந்திருப்பதாகக் கொள்வோம். ஒப்பந்தக்காரரின் மேலாளர் பத்து அட்டைப்பெட்டிகளை இறக்குகிறார். உள்ளே ஒப்பந்தம், வரைபடம், ‘ஆர்.ஏ. பில்’ எனப்படும் இடைக்காலப் பில்கள், அளவுப் புத்தகம், களத்தில் வைத்திருந்த தடைப் பதிவேடு, இருபுறமும் போன கடிதங்கள், வாட்ஸாப் செய்திகளின் அச்சுப்படி. அனைத்தையும் தேதி வரிசையில் அடுக்குவது முதல் வேலை. ஆனால் ஒரு கடிதத்துக்கு மூன்று தேதிகள் உண்டு: எழுதிய நாள், அனுப்பிய நாள், பெற்ற நாள். ‘தடை ஏற்பட்ட 14 நாளுக்குள் பொறியாளருக்கு அறிவிக்க வேண்டும்’ என்று ஒப்பந்தம் கூறினால், முதல் தேதியை மட்டும் பார்த்து அடுக்கியவரின் வரிசை பயனற்றது. மின்னணுச் செய்திகளுக்கு உரிய சான்றிதழ் வேண்டும். 2024 ஜூலை முதல் அது பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவின்படி அமைய வேண்டும். நடுவர் தீர்ப்பாயத்தைச் சாட்சியச் சட்டம் கட்டுப்படுத்தாது என்றாலும், அனுபவமுள்ளவர் சான்றிதழை வாங்கியே வைப்பார்.

இவ்வேலையின் குறை எப்போது வெளிப்படும்? பெரும்பாலும் ஓராண்டோ ஈராண்டோ கழித்து, குறுக்கு விசாரணையில். ஒப்பந்தக்காரரின் களப் பொறியாளர் சாட்சி நாற்காலியில் இருக்கிறார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தடைப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைக் காட்டி, ‘மழையால் வேலை நின்றது என்று இந்த ஏழு நாளுக்கும் எழுதியிருக்கிறீர்கள், அதே நாள்களில் தார்க்கலவை வந்து இறங்கியதாக உங்கள் ஆர்.ஏ. பில்லில் இருக்கிறதே?’ என்கிறார். இரண்டு ஆவணமும் நம் தரப்பே தாக்கல் செய்தவை. ஒன்று இரண்டாம் தொகுதியில், மற்றொன்று ஐந்தாம் தொகுதியில். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்திருந்தால் விளக்கத்தைக் கோரிக்கை அறிக்கையிலேயே எழுதியிருக்கலாம். அந்நாளில் அதை எழுதாதவருக்கு இந்நாளில் வாதத்திறன் உதவாது.

இங்கே ஒரு கருத்தைப் பதிவு செய்கிறோம். சட்டக் கல்லூரியிலிருந்து நேரே நடுவர் தீர்வுக்கு மட்டும் வருவோர் இப்போது பெருகியுள்ளனர். அவர்கள் ஆவணத் தொகுதியை அழகாகச் செய்கின்றனர். எண்ணிட்ட அச்சுப்படியும் தேடத்தக்க மின்படியும் குறைவின்றி வரும். ஆயினும் பட்டியல் நிலையில் பிழை செய்து, அது வெளிப்பட்டு, திருத்திய அனுபவம் அவர்களுக்கு இல்லை. பிழை விரைவில் தெரிந்து, திருத்தவும் வாய்ப்புள்ள மன்றத்தில் தொடங்கியவரே, தாமதமாகத் தெரிந்து திருத்த வாய்ப்பில்லாத மன்றத்தில் நிதானமாக நடப்பார். எனவே முதலில் நீதிமன்றம், பின்பு நடுவர் தீர்வு என்ற வரிசையை வெறும் மரபுப் பற்று என ஒதுக்க இயலாது.

மூன்றாவது, உத்தி நிலை. முதலில் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் இடைக்காலத் தடை கேட்பதா, நேரே நடுவர் நியமன அறிவிப்பு அனுப்புவதா? தடை வாங்கினால் 90 நாளில் நடுவர் நடவடிக்கை தொடங்க வேண்டும். கட்சிக்காரர் அதற்கு ஆயத்தமா? பன்னிரண்டு கோரிக்கைகளில் ஐந்தை விட்டுவிட்டால் மீதி ஏழும் நிற்குமா? நடுவராகப் பொறியாளரைக் கேட்பதா, ஓய்வுபெற்ற நீதிபதியைக் கேட்பதா? சமரசத்துக்கு எப்போது இறங்குவது? இம்முடிவுகளின் குறை நடுவர் தீர்ப்பிலும், 34ஆம் பிரிவு மனுவிலும், 37ஆம் பிரிவு மேல்முறையீட்டிலும்தான் தெரியும். தொலைவு ஐந்து ஆண்டுக்குக் குறையாது. உத்தி நிலையினரின் தனி இயல்பு, கோரிக்கையை விடத் தெரிந்திருப்பது. இளையோர் எதையும் விடார்.

நான்காவது, உடன்பாட்டு நிலை. பிணக்கு எழுமுன்பே ஒப்பந்தத்தின் நடுவர் தீர்வுக் கூற்றை எழுதுவது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் இரவில் எல்லோரும் விலையையும் காலத்தையும் பேசுவர்; கடைசிப் பக்கத்தில் உள்ள இக்கூற்றை எவரும் படிப்பதில்லை. ‘நடுவரை நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநரே நியமிப்பார்’ என்ற வாசகம் பல ஆண்டுகளாக அப்படியே படியெடுக்கப்பட்டு வந்தது. பிணக்கில் அக்கறையுள்ள ஒருவர் தனித்து நடுவரை நியமிக்க இயலாது என 2019இல் உச்ச நீதிமன்றம் கூறியதும், அவ்வாசகம் இருந்த ஒப்பந்தங்கள் பலவும் நீதிமன்றத்துக்கு வந்து நின்றன. ‘அமர்விடம் சென்னை’ என எழுதி ஆட்சியிருக்கையைச் சொல்லாமல் விட்டவர்களும் அவ்வாறே பிறர்க்கு வழக்கு வைத்தனர். எழுதியவர் அப்போது வேறு அலுவலகத்தில் இருக்கலாம், ஓய்வு பெற்றிருக்கலாம். பொறுப்புத் தொலைவு பத்தாண்டையும் தாண்டும் நிலை இது.

மூத்த வழக்கறிஞர் என்ற தகுதி இவ்வரிசையில் எங்கே நிற்கிறது என வினவலாம். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் 16ஆம் பிரிவு வழங்கும் அத்தகுதி பெற்றவர் வக்காலத்து தாக்கல் செய்யார். வேறொரு வழக்கறிஞர் ஆயத்தம் செய்து தரும் வழக்கையே வாதிடுவார். அவர் கைக்குக் கட்டு வரும்போது ஆவணம் அடுக்கப்பட்டுவிட்டது. உத்தியும் பாதி முடிவாகிவிட்டது. நம் அளவுகோலின்படி அவருடைய தொலைவு மறுபடி குறுகுகிறது: இன்று பேசியது இன்றே எடுபடும் அல்லது எடுபடாது. அங்கியின் தரமும் பொறுப்பின் தொலைவும் ஒன்றல்ல என்று தொடக்கத்தில் கூறியது இதனாலேயே.

7. ஊதியம் குறித்துச் சில

வழக்கின் விளைவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை வழக்கறிஞர் குழும விதி தடுக்கிறது. விளம்பரமும் கூடாது, இணையத் தளங்கள் வழியே வழக்கறிஞர் சேவையை விற்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் கண்டித்தது. ஆகவே பெயர் பரவுவது முழுதும் பிற வழக்கறிஞர் வாயிலாகவே. எதிர்த்தரப்பில் நின்று தோற்றவர் அடுத்த ஆண்டு தாமே ஒரு கட்சிக்காரரை அனுப்பிவைப்பது இத்தொழிலில் மிகப் பொதுவான வளர்ச்சி வழி.

நடுவர்களின் கட்டணமும் வழக்கறிஞரின் வேலையைத் தொடுகிறது. நடுவர் தாமே தம் கட்டணத்தை ஒருதலையாக நிர்ணயிக்க இயலாது என 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. சென்னை மெட்ரோ ரயில் நிறுவனத்தின் சுரங்கப்பாதை ஒப்பந்தப் பிணக்கில் நடுவர்கள் அமர்வுக் கட்டணத்தை உயர்த்தியதை அந்நிறுவனம் எதிர்த்து, அதுவே அவர்களை நீக்கக் காரணம் என வாதிட்டது. 2023இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தன் வழக்கில் தீர்ப்பளிக்கப் போகிறவரிடமே கட்டணம் குறித்து வாதிடும் வழக்கறிஞரின் நிலை எவ்வளவு நெருடலானது என்பதை இவ்வழக்கின் தாள்கள் காட்டுகின்றன.

அரசுத் துறை வேலையை நம்பியிருப்போர் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். அரசுக் கொள்முதல் ஒப்பந்தங்களில் 10 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பிணக்குகளுக்கு நடுவர் தீர்வை வழக்கமாகச் சேர்க்க வேண்டாம் என ஒன்றிய நிதியமைச்சகம் 2024 ஜூன் 3 அன்று வழிகாட்டியது. இனி எழுதப்படும் ஒப்பந்தங்களின் பெரும் பிணக்குகள் வணிக நீதிமன்றங்களுக்கே வரும். நடுவர் தீர்வு மட்டும் பயின்றோர் 120 நாள் வரம்பைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும்.

8. நடுவர் இருக்கை

வழக்கறிஞர் தாமே நடுவராவது வளர்ச்சியின் இறுதிக் கட்டம் என்று பலரும் கருதுகின்றனர். சட்டம் தடை செய்யவில்லை. பொறியாளரும் கணக்காயரும்கூட நடுவராகலாம். ஆயினும் சென்னையில் பெரும் பிணக்குகளில் அவ்விருக்கை பெரும்பாலும் ஓய்வுபெற்ற நீதிபதிகளிடமே செல்கிறது. நீதிபதி பதவியின் மதிப்பே இதற்குக் காரணம் என்பது வழக்கமான விளக்கம். அது முழு விளக்கமன்று.

2015ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த ஐந்தாம், ஏழாம் அட்டவணைகளைப் படித்தால் வேறொரு காரணம் தெரிகிறது. நடுவராகக் கேட்கப்படுபவர் தரப்பினருடன் தமக்கு இருந்த, இருக்கும் தொடர்பு அனைத்தையும் எழுத்தில் வெளிப்படுத்த வேண்டும். ஒரு தரப்புக்கு இப்போது ஆலோசகராக இருப்பவர் நடுவராகவே முடியாது. இரு தரப்பும் பிணக்கு எழுந்தபின் எழுத்தில் இசைந்தாலன்றி அத்தடை நீங்காது. கடந்த மூன்றாண்டில் அதே தரப்பால் இருமுறையோ அதற்கு மேலோ நியமிக்கப்பட்டிருந்தால் ஐயத்துக்கு இடமுண்டு. வழக்கறிஞர் தொழிலில் எவ்வளவு வெற்றி பெற்றாரோ அவ்வளவு கட்சிக்காரர்கள். எவ்வளவு கட்சிக்காரர்களோ அவ்வளவு பிணக்குகள் அவருக்கு அடைபடுகின்றன. அவருடைய அலுவலகம் முழுவதன் தொடர்புகளும் அவர் கணக்கில் ஏறும். நீதிபதிக்குக் கட்சிக்காரர் இல்லை. பதினைந்து ஆண்டு அமர்விலிருந்து எழுந்து வருபவரின் வெளிப்படுத்தல் அறிக்கை ஒரு பக்கத்தில் முடிகிறது.

நடுவராக விரும்பும் வழக்கறிஞருக்கு ஆகவே வழி ஒன்றுதான் தெரிகிறது: தொழில் உச்சத்தில் இருக்கும்போதே கட்சிக்காரர்களைக் குறைத்துக்கொள்வது, வங்கிகளின் வழக்கறிஞர் பட்டியலிலிருந்தும் நிறுவனங்களின் மாதக் கட்டண ஏற்பாட்டிலிருந்தும் விலகுவது, அலுவலகத்தைப் பிரித்துப் பிறர் பெயருக்கு மாற்றுவது. முதல் நியமனம் வரும்வரை மூன்றாண்டோ நான்காண்டோ வருமானம் விழும். நிறுவன வழி நடுவர் தீர்வு வளர்ந்தால், 2005இல் தொடங்கிய நானி பல்கிவாலா நடுவர் மையம், உயர் நீதிமன்றத்தின் சொந்த நடுவர் மையம் போன்றவை தம் பட்டியலிலிருந்து இத்தகையோரை முறையாக நியமிக்க இயலும். இடைக்கால வறட்சியும் குறையும். இப்போதைக்கு அவ்விலகலைத் துணிந்து செய்வோர் சிலர். அவர்களுள் பெரும்பாலோர் தந்தையின் அலுவலகத்தைத் தம்பியிடமோ தங்கையிடமோ ஒப்படைத்துவிட்டு வர முடிந்தவர்கள்.